உள்ளே ஆள் இருக்கு

தப்பா சொல்லிடுவேனோன்னுதான் சார் பயமா இருக்கு. நான் சொல்றது ஒண்ணு, நீங்க எழுதுறது ஒண்ணுன்னு ஆயிடக் கூடாது பாருங்க. அஞ்சாவதோட நின்னவ நான். முன்னாடி நடந்ததைப் பின்னாடி சொல்லுவேன், பின்னாடி நடந்ததை முன்னாடி சொல்லுவேன். எங்க வீட்டுக்காரரே திட்டுவாரு, நீ கதை சொன்னா கல்யாணத்துக்கு முன்னாடியே புள்ள பொறந்துரும்னு. அதனால நீங்க பேனாவைக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க. நடுவுல நான் உளறினா, இன்னொரு தரம் சொல்லும்மான்னு கேளுங்க. கேட்டா கோவிச்சுக்க மாட்டேன். கேக்காம எழுதிட்டாதான் எனக்குக் கோவம் வரும்.

அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஐயோ அது இல்ல சார், அதுக்கு ஒரு கால் ஆடும். நீலக் கலர் ஸ்டூல். ஆமா. பின்னாடி சாயாதீங்க, செவுத்துல கிரீஸ் இருக்கு, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருக்கீங்க.

நான் எதுக்கு வெளிய வரணும்? இங்க இருந்தே பேசுறேனே. என் தலை தெரியுதில்ல? குரல் கேக்குதில்ல? போதும். இந்தத் தொட்டிக்குள்ள இறங்குறது ஒரு வேலைன்னா ஏறுறது ரெண்டு வேலை. முட்டி சொன்ன பேச்சு கேக்காது. பாதி பிளேடு இன்னும் சுரண்டாம கிடக்கு. அரை மணி நேரம் ஆனா அடுத்தவ வந்து இறங்கணும், அவளுக்கு மிச்சம் வெச்சா என்னைத்தான் வைவா. நீங்க கேளுங்க, நான் சுரண்டிக்கிட்டே சொல்றேன். கை வேலை செஞ்சா எனக்கு வாய் நல்லா வரும்.

இதுவா? பிளாஸ்டிக் அரைக்கிற மெஷின் சார். ஹெட் ஆபீஸ்ல இருந்து வர்றீங்க, இதைப் பாத்ததே இல்லையா? உடைஞ்ச பக்கெட்டு, பாட்டிலு, கால் போன நாற்காலி, எல்லாத்தையும் பொறுக்கிப் பிரிச்சு மேல இருந்து இந்த வாயில கொட்டுவோம். கீழ பிளேடு சுத்தி நகம் நகமா நறுக்கித் தள்ளும். சூட்டுல உருகி பிளேடுல அப்பிக்கும். அதை உளி வெச்சு சுரண்டணும். வெளிய இருந்து எட்டாது. ஆள் இறங்கணும்.

டுர்ர்ர்ங்குதா? அது அந்தப் பக்கம், இன்ஜின் ரூம்ல. மெக்கானிக் பட்டனை அமுக்குறாரு. என்ன சார் எழுந்துட்டீங்க? உக்காருங்க, உக்காருங்க. உங்க முகம் ஏன் இப்படி ஆயிருச்சு? இப்படி இன்ஜினைக் கிளப்புற செல்ஃப் மோட்டார் மட்டும் சுத்துறப்ப பிளேடு அசையாது. இன்ஜின் பிடிச்சு வேகம் எடுத்தாதான் நடுவுல இருக்கிற கிளட்ச் தானா ஒட்டிக்கும், பெல்ட்டை இழுக்கும், பிளேடு சுத்தும். பிடிச்சா என்ன ஆகுமா? பிடிச்சா நான் இல்ல, அவ்ளோதான். ஐயோன்னு கத்தக்கூட நேரம் இருக்காது. ஆனா பிடிக்காது. நாலு நாளா பிடிக்கலியே. அதுக்குத்தானே நீங்க வந்திருக்கீங்க.

அதைத்தான் சார் நான் மொதல்ல கேக்கணும்னு நெனச்சேன். கேட்டா திமிருன்னு எழுதுவீங்களோ என்னமோ. பரவால்ல, எழுதுங்க. என் நாத்தனாருக்குக் கை போச்சே, ரெண்டு மாசம் ஆச்சு, அப்ப ஏன் சார் யாரும் வரல? ஒருத்தர் கூட ஃபைலைத் தூக்கிட்டு வரல. இன்ஜின் நின்னு நாலே நாள், ஸ்டூல் போட்டு உக்காந்து விசாரிக்க ஆள் வந்தாச்சு. இன்ஜினுக்கு இருக்கிற மரியாதை அவ கைக்கு இல்ல.

நீங்க வேற டிபார்ட்மெண்டா. சரி. உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. தண்ணி வேணும்னா அந்தக் கேன்ல இருக்கு, டம்ளரைக் கழுவிட்டுக் குடிங்க, அதுல தூசி விழுந்திருக்கும்.

ஆமா, வீட்டுக்காரரோட தங்கச்சி. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இங்க வேலைக்குச் சேந்தோம். எனக்கும் அவளுக்கும் வீட்ல ஆகாது சார், உண்மையைச் சொல்லிடறேன். அடுப்படியில நான் வெச்ச கரண்டி வெச்ச எடத்துல இருந்ததே இல்ல. ஆனா இந்த ஷெட்டுக்குள்ள வந்துட்டா அவ என்னை விட்டு நகர மாட்டா, நான் அவளை விட்டு நகர மாட்டேன். அது எப்படின்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.

நடந்தது எப்படின்னா, இந்த ரூமுக்கும் இன்ஜின் ரூமுக்கும் நடுவுல தகரச் செவுரு இருக்கு பாருங்க. அதுல அந்த ஓட்டை வழியா பெல்ட்டு வருது. அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு இந்தப் பக்கம் தெரியாது. மெஷின் சத்தத்துல கத்தினாலும் கேக்காது. அதனால தட்டுறதுதான் பேச்சு. அந்த ராடை எடுத்து தகரத்துல ரெண்டு தட்டு தட்டினா நிறுத்துன்னு அர்த்தம். ஒரு தட்டு தட்டினா ஓட்டுன்னு அர்த்தம். எங்களுக்கு முன்னாடி இருந்தவங்க காலத்துல இருந்தே அப்படித்தான்.

அன்னைக்கு நைலான் கயிறு ஒண்ணு பிளேடுல சுத்திக்கிச்சு. ரெண்டு தட்டு தட்டினோம். நின்னுச்சு. அவ கையை விட்டு கயித்தை அறுத்துக்கிட்டிருக்கா. வெளிய லாரியில இருந்து டிரம் எறக்கிட்டு இருந்தாங்க. ஒரு டிரம் உருண்டு வந்து தகரத்துல மோதிச்சு. டங்குன்னு ஒரு சத்தம். ஒரே ஒரு சத்தம். இன்ஜின்காரர் என்ன பண்ணுவாரு, பட்டனை அமுக்கிட்டாரு.

வலது கை சார். மணிக்கட்டுக்கு மேல.

இல்ல, அழல. உருகின பிளாஸ்டிக் நெடி கண்ணுல ஏறுது. இங்க இறங்கிப் பாத்தீங்கன்னா தெரியும்.

உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு காயிதம் வந்துச்சு. என் பொண்ணு படிச்சுக் காட்டினா. தொழிலாளியின் கவனக்குறைவுன்னு போட்டிருக்கு. அவ கவனமா இருந்திருந்தா டிரம்மு உருளாம இருந்திருக்குமா? அதோட பாதுகாப்பு ஏற்பாடுன்னு ஒண்ணு சொன்னாங்க. என்ன தெரியுமா? இனிமே ஓட்டச் சொல்றதுக்கு ஒரு தட்டு இல்லையாம், மூணு தட்டாம். அதான் ஏற்பாடு. ரெண்டு தட்டு கூடக் குடுத்திருக்காங்க எங்களுக்கு. பெரிய மனசு. மூணு டிரம்மு வரிசையா உருண்டா என்ன பண்றதுன்னு நான் கேட்டேன். சூப்பர்வைசர் சிரிச்சாரு. அதுக்கு நாலு தட்டாக்கிடலாம்னாரு. நீங்க சிரிக்கல, அதுக்கே உங்களுக்கு ஒரு கும்பிடு.

இன்ஜின் கதைக்கு வரேன் சார். வந்துட்டேன். அவசரப்படுத்தினா எனக்குக் கொழம்பிடும்.

திங்கக்கிழமை. மதியத்துக்கு மேல. மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பெரிய தார்ப்பாய் ஒண்ணு சிக்கிக்கிச்சு, நிறுத்தினாங்க. அப்புறம் பட்டனை அமுக்கினா டுர்ர்ர் டுர்ர்ர்ங்குது, பிடிக்கல. அவ்ளோதான்.

நானா? அப்ப எங்க இருந்தேனா? இதுக்குள்ளதான் இருந்தேன். இப்ப நிக்கிறேனே இதே எடம்.

ஆமா சார், இதுக்குள்ளதான். பட்டனை அமுக்கினப்ப நான் உள்ள இருந்தேன். தார்ப்பாயோட ஒரு முனையை இழுத்துக்கிட்டு இருந்தேன். மூணு தட்டு யாரும் தட்டல. ஒரு தட்டு கூடத் தட்டல. லாரி காத்துக்கிட்டு இருக்கு, நேரம் ஆகுதுன்னு சூப்பர்வைசரே போய் அமுக்கிட்டாரு. உள்ள ஆள் இருக்கான்னு எட்டிப் பாக்கல. கேட்டதுக்கு, முடிஞ்சிருக்கும்னு நெனச்சேங்கிறாரு. நெனச்சாராம்.

எழுதினீங்களா அதை? எங்க, காட்டுங்க. எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். சூ, ப்ப, ர்... சரி, இருக்கு. அடிச்சுடாதீங்க.

அதிர்ஷ்டமா? அப்படியும் சொல்லலாம். சொல்றவங்க சொல்லட்டும்.

சர்க்கரையா? அதைத்தான் எதிர்பாத்தேன். டீசல் டேங்க்குல சர்க்கரை போட்டு இன்ஜினைக் கெடுத்தது என் நாத்தனார்தான்னு சூப்பர்வைசர் சொல்லியிருக்காரா? எந்த வாயால சொன்னாரு? சார், அவ திங்கக்கிழமை காலையில வந்தா, அது நெஜம். கை போன அன்னைக்குக் கழட்டிப் போட்ட செருப்பும் சாப்பாட்டு டப்பாவும் ரெண்டு மாசமா இங்கயே கிடந்துச்சு, அதை எடுக்க வந்தா. அஞ்சு நிமிஷம் நின்னிருப்பா. டப்பாவை நான்தான் கழுவிக் குடுத்தேன், பூஞ்சை புடிச்சுப்போய் கிடந்துச்சு. அந்த டேங்க் மூடியைப் போய்ப் பாருங்க. துருப்பிடிச்ச மூடி. ஒரு கை டேங்க்கை அமுக்கிப் புடிக்கணும், இன்னொரு கை திருகணும். அவளுக்கு ஏது சார் இன்னொரு கை? அதை எடுத்துக்கிட்டவங்களே வந்து அவ மூடியைத் திறந்தான்னு சொல்றாங்க. கொஞ்சமாச்சும் யோசிச்சுப் பொய் சொல்லச் சொல்லுங்க.

அதோட சர்க்கரையும் இல்ல மண்ணும் இல்ல. மொத நாள் வந்த மெக்கானிக்கே பாத்தாச்சு. நல்லா தொப்பையா ஒருத்தர் வந்தாரு. இன்ஜின் ரூம்ல நுழையறதுக்கே மூச்சுப் புடிக்கணும் அவருக்கு. நான்தான் விளக்கு புடிச்சேன். சூப்பர்வைசர் எனக்குத்தான் எப்பவும் அந்த மாதிரி வேலை குடுப்பாரு, புடி, துடை, கூட்டுன்னு. புடிச்சுக்கிட்டு நின்னா கண்ணும் காதும் சும்மாவா இருக்கும்? அவரு குச்சி விட்டுப் பாத்தாரு, டேங்க்குல டீசல் பாதி இருக்கு. ஒரு பாட்டில்ல கொஞ்சம் புடிச்சு வெச்சாரு, அரை மணி நேரம் கழிச்சுப் பாத்தா கீழ தண்ணியும் இல்ல, கசடும் இல்ல, தெளிவா இருக்கு. அந்தப் பாட்டில் அந்த மாடத்துலயே இருக்கு, நீங்க எடுத்துட்டுப் போங்க. அதை உங்க ஃபைல்ல ஒட்டுங்க.

அப்புறம் ஏர் லாக்குன்னாரு. குழாயில காத்து புகுந்துட்டா டீசல் வராதாமே. பக்கத்துல ஒரு சின்னக் கைப்பம்ப் இருக்கு, அதை அடிச்சுக்கிட்டே ஸ்க்ரூவைத் தளத்தினாரு. மொதல்ல நுரை நுரையா வந்துச்சு. அப்புறம் சுத்தமா டீசல். முடிஞ்சுதும்மா, இனி பிடிச்சுக்கும்னாரு. பட்டனை அமுக்கினாரு. டுர்ர்ர். பிடிக்கல. டீசல் ஃபில்டரை மாத்தினாரு. டுர்ர்ர். காத்து ஃபில்டரைக் கழட்டினா உள்ள எலி குடும்பமே நடத்தியிருக்கு, பஞ்சும் நூலுமா மெத்தை போட்டு. அதைப் பாத்ததும் அவருக்கு அவ்ளோ சந்தோஷம். இதான்! இதான்! ன்னாரு. எலியைத் துரத்தினாங்க. டுர்ர்ர். அந்த மனுஷன் தொப்பையைத் தடவிக்கிட்டே போயிட்டாரு. பாவம், நல்ல மாதிரி.

செவ்வாக்கிழமை கண்ணாடிக்காரர் வந்தாரு. இப்ப அந்தப் பக்கம் டுர்ர்ருங்கிறாரே, அவருதான். அவருக்கு மொத ஆளைக் கண்டாலே ஆகாது போல. வந்ததும், எந்த அரைகுறை கையை வெச்சதுன்னாரு. இன்ஜினுக்குள்ள டீசலைப் பீச்சுற நாசிலுக்குப் போற பைப்பு நட்டையெல்லாம் தளத்திவிட்டு, அமுக்குன்னாரு. செல்ஃப் சுத்துது, பைப்பு முனையில ஒரு பொட்டு டீசல் வரல. பம்ப் வரைக்கும் டீசல் வருது, பம்புல இருந்து வெளிய போகல. அப்ப பம்ப் காலின்னு சொல்லிட்டாரு. பம்பைக் கழட்டி பம்புக் கடைக்கு அனுப்பினாங்க. நேத்து அது திரும்பி வந்துச்சு. கூட ஒரு சீட்டு, பம்ப் நல்லாருக்கு, ஒரு பழுதும் இல்லைன்னு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டு அந்தச் சீட்டை மறுபடி படிச்சாரு பாருங்க, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. பம்பை மாட்டி, காத்தை எடுத்து, அமுக்கினா அதே டுர்ர்ர்.

எங்க கூட வேலை செய்யற ஒருத்தி இருக்கா, எப்பப் பாரு எதையாச்சும் முணுமுணுத்துப் பாடிக்கிட்டே இருப்பா, பாட்டுக்காரின்னுதான் கூப்பிடுவோம். அவ சும்மா இருக்காம, ஏண்ணே, வயர்ல ஏதாச்சும் இருக்குமோன்னு கேட்டுட்டா. நான் அவ காலை மிதிச்சேன். கண்ணாடிக்காரர் சொன்னாரு, செல்ஃப் இவ்ளோ ஜோரா சுத்துது, பேட்டரி புதுசு, இதுல எங்கம்மா கரண்ட் பிரச்சனை? போ, போய் பாட்டில் பொறுக்குன்னாரு. சூப்பர்வைசரும் கூடச் சேந்து சிரிச்சாரு. நாங்களும் சிரிச்சுட்டு பாட்டில் பொறுக்கப் போயிட்டோம்.

எதுக்குக் காலை மிதிச்சேனா? அது... கால் பட்டுருச்சு சார். எடம் சின்னது.

பாருங்க, மறுபடியும் அமுக்குறாரு. பத்து தரம், இருவது தரம். பேட்டரி செத்துரும். அதைச் சொன்னா எனக்கு இன்ஜின் பாடம் எடுக்குறியான்னு கேப்பாரு. நீங்க எதுக்கு வேர்த்து ஊத்துறீங்க? உங்களுக்கு உள்ள வந்து நிக்கணும்னு யாரும் சொல்லலியே. நிறுத்தச் சொல்லப் போறீங்களா? போய்ச் சொல்லுங்க, நல்ல விஷயம்தான். ஆனா இதுல இறங்குற நாங்க நாலு பேரும் நாலு நாளா சொல்லிட்டோம். உள்ள ஆள் இருக்கு, அமுக்காதீங்கன்னு. என்ன சொல்றாங்க தெரியுமா? அதான் பிடிக்கலியேங்கிறாங்க. பிடிக்க வெக்கத்தான் அமுக்குறாங்க, அமுக்கறப்ப கேட்டா பிடிக்காதுங்கிறாங்க. இன்ஜின் ஓடாதப்ப சும்மா உக்காந்திருக்காதீங்க, உள்ள இறங்கி ஒரு வருஷ அழுக்கையும் சுரண்டுங்கன்னு எங்களை இறக்கி விட்டதும் அவங்கதான். இந்தக் கை எங்களை இறக்குது, அந்தக் கை பட்டனை அமுக்குது.

ஒண்ணை நானே சொல்லிடறேன். நேத்து ஸ்ப்ரே டப்பா ஒண்ணு காணாமப் போச்சுன்னு உங்க ஃபைல்ல இருக்கா? இருக்குமே. அதை எடுத்தது நான்தான். எழுதிக்கோங்க. ஏன்னு கேட்டுட்டு எழுதுங்க.

பம்ப் திரும்பி வந்தும் பிடிக்கலைன்னதும் கண்ணாடிக்காரர் ஒரு ஸ்ப்ரே எடுத்துட்டு வந்தாரு. காத்துக் குழாயில அதை அடிச்சா டீசல் வராட்டியும் இன்ஜின் ரெண்டு மூச்சு விடுமாம், அதுல உயிர் இருக்கா இல்லையான்னு தெரியுமாம். எங்க யாருக்கும் சொல்லல. பாட்டுக்காரி உள்ள இருந்தா. தொண்டை காயுதுன்னு அப்பத்தான் மேல ஏறி, ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளிய. அந்தப் பக்கம் புஸ்ஸுன்னு அடிச்சு அமுக்கிட்டாரு. இன்ஜின் டப் டப்புன்னு ரெண்டு இருமல் இருமிச்சு. பிளேடு, நான் என் கண்ணால பாத்தேன் சார், கால் சுத்து சுத்திட்டு நின்னுச்சு. அவளை நான் அக்குள்ள புடிச்சு இழுத்த இழுப்புல ரெண்டு பேரும் பாட்டில் மேல போய் விழுந்தோம். அவ பாடல அப்புறம். நேத்து முழுக்கப் பாடவே இல்ல.

அந்தப் பக்கம் கண்ணாடிக்காரர் குஷியா கத்துறாரு, உயிர் இருக்கு, உயிர் இருக்குன்னு. இன்ஜினுக்கு.

நான் நேரா போனேன். மேசை மேல இருந்த டப்பாவை எடுத்தேன். எங்கம்மா எடுத்துட்டுப் போறன்னாரு. குப்பைக்குன்னேன். அவரு வேடிக்கைன்னு நெனச்சுக்கிட்டாரு. எந்த மூட்டையில போட்டேன்னு சொல்ல மாட்டேன். ஐநூறு மூட்டை இருக்கு, தேடட்டும்.

ஆமா சார், எனக்கு நெறைய பயம். பயந்தாங்கொள்ளின்னே வீட்ல பேரு. கேஸ் அடுப்பை மூடினேனான்னு பாதி தெரு போயிட்டுத் திரும்பி வருவேன். பொண்ணு பஸ்ஸு அஞ்சு நிமிஷம் லேட்டானா தெருமுனையில போய் நிப்பேன். அப்படிப்பட்டவ எப்படி இதுக்குள்ள நின்னுக்கிட்டு, பிடிக்காது பிடிக்காதுன்னு உங்ககிட்ட சொல்றேன்னு நீங்க கேக்கவே இல்ல பாத்தீங்களா? அரை மணி நேரமா காத்துக்கிட்டு இருக்கேன், கேப்பீங்கன்னு.

இப்ப கேக்குறீங்க. சரி.

நாளைக்கு வயரிங்காரர் வராராம். கண்ணாடிக்காரர் இன்ஜினோட ஹெட்டையே கழட்டணும்னு சொன்னதும், அதுக்கு முன்னாடி ஒரு தரம் அவரையும் பாக்க வெச்சுடலாம்னு மொதலாளி சொல்லிட்டாராம். அவரு வந்தா ஒரு நிமிஷ வேலை. கண்டுபுடிச்சுருவாரு. கண்டுபுடிச்சதும் திருடின்னு யார் பேராச்சும் எழுதுவாங்க, ஒத்தக் கைக்காரி பேரைத்தான் மொதல்ல எழுதுவாங்க. அதனாலதான் இன்னைக்கே உங்ககிட்ட சொல்லிடறேன். நிமிந்து உக்காருங்க, இதைத் தப்பில்லாம எழுதணும்.

போன வருஷம் ஒரு தரம் இதே மாதிரி ஆச்சு. செல்ஃப் சுத்துது, பிடிக்கல. அப்ப வயரிங்காரர்தான் வந்தாரு. அதுவும் நான்தான் விளக்கு புடிச்சேன். மத்தவங்க டீ குடிக்கப் போயிட்டாங்க. பேட்டரிக்குப் பின்னாடி தூணுல ஒரு சின்ன கறுப்பு டப்பா இருக்கு, தூசி மூடி இருக்கும், யார் கண்ணுக்கும் படாது. அதைத் திறந்து நகத்தளவு ஒரு ஃபியூஸைப் புடுங்கிக் காட்டினாரு. இது போச்சுன்னா பம்புக்குள்ள டீசல் வழி திறக்காதும்மா, செல்ஃபுக்கு வேற வயரு, அது பாட்டுக்கு சுத்தும், இவ்ளோ பெரிய இன்ஜின் சத்தம் மட்டும் போடும், எந்திரிக்காதுன்னாரு. புதுசு ஒண்ணு மாட்டினாரு. உடனே பிடிச்சுக்கிச்சு. எனக்கு அது மனசுல பதிஞ்சுபோச்சு. படிப்புல ஒண்ணும் பதியல, இது பதிஞ்சுருச்சு.

திங்கக்கிழமை தார்ப்பாய் சிக்கினதும் என்னை இறங்குன்னாங்க. நாத்தனார் காலையில வந்து அந்தச் சாப்பாட்டு டப்பாவை ஒத்தக் கையால நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் போனது கண்ணுலயே நிக்குது. எனக்குக் கால் வரல. துடைப்பம் எடுத்துட்டு வரேன்னு இன்ஜின் ரூமுக்குப் போனேன். புடுங்கினேன். சேலைக்கு மேல போட்டிருக்கேனே, இந்தச் சட்டைப் பையில போட்டேன். இறங்கினேன். வேலை முடிச்சு ஏறினதும் மாட்டிடணும்னுதான் நெனச்சேன், சத்தியமா அதான் நெனச்சேன். குனிஞ்சு இழுத்துக்கிட்டு இருக்கேன், டுர்ர்ருன்னுச்சு. தட்டு கிடையாது, குரல் கிடையாது. டுர்ர்ர். பிடிக்கல. நான் அப்படியே பிளேடு மேல உக்காந்துட்டேன். அதிர்ஷ்டம்னீங்களே சார், அந்த அதிர்ஷ்டம் என் சட்டைப் பையில இருந்துச்சு.

அப்புறம் ஏறி வந்தேன், மாட்டிடலாம்னு. அதுக்குள்ள சூப்பர்வைசர் பாட்டுக்காரியை இறக்கி விட்டாச்சு, இன்ஜின் ஓடல, போய் சுரண்டுன்னு. அந்தப் பக்கம் பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்காங்க. நான் எப்படி சார் மாட்டுவேன்? எந்தக் கையால மாட்டுவேன்? குனிஞ்சு, இந்தா, இதை வெச்சுக்கோ, மேல ஏறினப்புறம் குடுன்னு அவ கையில குடுத்தேன். இது என்னக்கான்னா. சொன்னேன். அவ ஏறி வந்தப்ப அடுத்தவ இறங்க நின்னுக்கிட்டு இருந்தா. அவ கையில குடுத்தா. அவ அடுத்தவகிட்ட. நாங்க நாலு பேர். யார் உள்ள இருக்காங்களோ அவங்ககிட்ட இருக்கும். சாயங்காலம் கடைசியா ஏறினவ வீட்டுக்கு எடுத்துட்டுப் போவா, காலையில மொதல்ல இறங்குறவ கையில அவதான் வந்து குடுக்கணும். ஒருத்தி மறந்துட்டு வந்துட்டா, அவளைத் திரும்ப வீட்டுக்கு அனுப்பிட்டுத்தான் நாங்க இறங்கினோம். கூட்டம் போட்டுப் பேசல, சத்தியம் பண்ணல. இந்த நாலு நாள்ல இந்தத் தொட்டி காலியா இருக்க அவங்க விடல, அதனால மாட்ட நேரமே வரல. அவ்ளோதான் நடந்துச்சு.

வயரிங்காரர் நாளைக்குப் புதுசு ஒண்ணு மாட்டட்டும். நூறு மாட்டட்டும். நாங்க இறங்கணும்னா அது வெளிய வரும், இறங்குறவ கைக்கு வரும், அவ ஏறினாதான் திரும்பிப் போகும். அப்படி ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா நாங்க எல்லாரும் கையெழுத்துப் போடுறோம். கைநாட்டு இல்ல, கையெழுத்து. நாத்தனாரும் போடுவா, எடது கையால பழகிக்கிட்டு இருக்கா.

இப்பவா? இப்ப என்கிட்டதான் இருக்கு, உள்ள இருக்கிறது நான்தானே. இல்ல சார், கையை நீட்டாதீங்க, அப்படிக் குடுக்கிறதில்ல. இறங்குறவங்களுக்குத்தான் அது. வாங்க, செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க, குடுத்துட்டு ஏறிக்கிறேன்.